வெட்டுப்பட்ட காசும் புளி போட்ட காசும்

மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரி, புளி போட்டுத் துலக்கிய 1835 காலணாவை நீட்டி, "பளபளன்னு இருக்குது பாருங்க" என்றார். அந்தப் பளபளப்புதான் அதன் விலையைக் கெடுத்தது. செம்பின்மேல் காலம் படியவைத்த கறுப்பு போனால் திரும்பாது.

வெட்டுப்பட்ட காசு கதை வேறு. கொங்கில் வெள்ளலூர், பொள்ளாச்சி என்று ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் வெட்டுக்குப் பேர்போனது 1898இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையல்: 501 பொற்காசுகள், பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேலேயே வெட்டு. புழக்கத்தை நிறுத்தவா, உள்ளேயும் பொன்தானா என்று பார்க்கவா? ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. எதுவானாலும், அந்தக் காசு இங்கே வந்து என்ன ஆனது என்பதற்கு அதுவே சாட்சி.

தரம் பிரிக்கும் அமெரிக்கக் கம்பெனியான என்ஜிசி, பழங்காலக் காசின் மேற்பரப்புக்கு 5க்கு மதிப்பெண் போடுகிறது. புளித் துலக்கலுக்கும் அங்கேதான் குறையும், பழைய வெட்டுக்கும் அங்கேதான் குறையும். இது எனக்கு ஒத்துவரவில்லை. சீன வணிகர்கள் முத்திரை குத்திய அமெரிக்க டிரேடு டாலரைத் தனி வகையாகவே சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களே! நம்மூர் வெட்டு மட்டும் ஏன் வெறும் சேதம்?

காலணாவை வாங்கவில்லை. அதே தட்டில் கறுத்துக் கிடந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். அவர் விலையைப் பாதியாகக் குறைத்துத் தந்தார்.