வெறும் கதையா?

‘அது வெறும் கதை’ என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே என்றே பொருள் கொள்கிறோம். மரமும் விலங்கும் பேசும் நீதிக்கதையைப் பிற மொழிகள் எவ்வாறு அழைக்கின்றன என்று நோக்கின், இவ்விழிவு சொல்லின் வேரில் இல்லை என்பது விளங்கும்.

இலத்தீனில் அதன் பெயர் ‘ஃபாபுலா’. பேசுதல் என்று பொருள்படும் ‘ஃபாரி’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. பேச்சு வராத குழவியைக் குறிக்கும் ‘இன்ஃபான்ஸ்’ என்பதும் அவ்வேரினதே. உருசியரின் ‘பாஸ்ன்யா’வும், நம் ‘கதை’க்கு மூலமான வடமொழிக் ‘கதா’வும் சொல்லுதல் என்னும் வினைவழி வந்தவை. ஸ்பானிய மொழியில் பேசுதலைக் குறிக்கும் ‘ஆப்லார்’ என்னும் வினை ஃபாபுலாவின் வழித்தோன்றல். ஈழத் தமிழரோ பேசுவதையே ‘கதைத்தல்’ என்கின்றனர். இரு நிலங்களிலும் கதையின் பெயரே பேச்சின் பெயராயிற்று.

கிரேக்க ‘மித்தோஸ்’ ஹோமரின் காப்பியங்களில் பேச்சைக் குறித்தது. பின்னர் அதன் மதிப்புக் குறைந்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பெற்ற திருமுகங்களில் அது விலக்கத்தக்க கட்டுக்கதையாகிவிட்டது.

சீனரின் ‘யூயென்’ என்னும் பெயர் நம்மை வியக்க வைக்கிறது. பிறிதோரிடத்தில் தங்கியிருக்கும் சொல் என்பது அதன் பொருள். சுவாங்சு என்னும் பழைய நூல் அதற்குக் காரணமும் காட்டுகிறது: தந்தை தன் மகனுக்குத் தானே பெண் பேசப் போவதில்லை, மகனின் சிறப்பைப் பிறர் சொன்னால்தான் கேட்பவர் நம்புவர்.

இவற்றோடு ஒப்பிட, ‘நீதிக்கதை’ என்னும் நம் பெயர் சற்றே குறையுடையதென்போம். நீதியை முன்னே நிறுத்திக் கதையை அதன் ஏவலாளாக்கிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் இறுதி வரியை மனப்பாடம் செய்துவிட்டுக் கதையை மறந்துவிடுகின்றனர். மறையுரையில் நாமும் இத்தவற்றைச் செய்திருக்கிறோம்.

நீதித் தலைவர்கள் நூலின் 9ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். தன் சகோதரர் எழுபதின்மரைக் கொன்று அபிமெலக்கு அரசனானான். தப்பிய இளையவன் யோத்தாமிடம் படையில்லை. கெரிசிம் மலையுச்சியில் நின்று, அரசனைத் தேடிய மரங்களின் கதையைச் சொன்னான். ஒலிவமும் அத்தியும் திராட்சையும் மறுத்த அரசுரிமையை முட்புதர் ஏற்றது. சொல்லி முடித்ததும் அவன் உயிருக்கு அஞ்சி ஓடினான். வெறும் கதையாயின் அவன் ஓட வேண்டியதில்லை.