கெடுவும் நாளையும்

சென்ற மார்கழியில் ஒரு நாவலாசிரிய நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குள் நாவல் வந்தாக வேண்டும் என்று பதிப்பாளர் தேதி குறித்துவிட்டிருந்தார். கடைசி மூன்று அத்தியாயங்கள் பாக்கி. மனிதர் செல்பேசியை அணைத்துத் தூக்கிப் போட்டுவிட்டு மொட்டைமாடி அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். "எழுத்துங்கறது தவம் ஓய். தனியா இருக்கணும். நம்பிக்கை இருக்கணும். தஸ்தாயெவ்ஸ்கி 26 நாள்ல ஒரு நாவலை எழுதி முடிக்கலையா?" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி படியேறி வந்து டீயை வைத்துவிட்டு, முந்தின நாள் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு கீழே போனார். எல்லாவற்றையும் கணினியில் அடித்துக்கொடுப்பது அவர்தான். நண்பர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அந்த உதாரணம் உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பான உதாரணம் என்பதால் அல்ல. நண்பர் நினைத்ததைவிட ரொம்பச் சரியான உதாரணம் என்பதால்.

தஸ்தாயெவ்ஸ்கியின் 'சூதாடி' எழுதப்பட்ட கதை நம் சிற்றிதழ்ச் சூழலில் பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் சொல்லும்போதெல்லாம் அதிலிருந்து சில விஷயங்கள் கழன்று விழுந்துவிடுகின்றன. முதலில் விழுவது ஒப்பந்தப் பத்திரம். 1864இல் தஸ்தாயெவ்ஸ்கியின் முதல் மனைவியும் அண்ணன் மிகயீலும் சில மாத இடைவெளியில் இறந்துபோகிறார்கள். அண்ணனின் பத்திரிகைக் கடனும் அண்ணன் குடும்பமும் இவர் தலையில் விழுகின்றன. அடுத்த வருஷமே பத்திரிகை நின்றுபோகிறது. கடன்காரர்கள் ஜப்தி, சிறை என்று மிரட்டும் நிலையில், 1865 கோடையில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3000 ரூபிளுக்குக் கையெழுத்துப் போடுகிறார். அதுவரை எழுதியவற்றைத் தொகுப்பாக வெளியிடும் உரிமை பதிப்பாளருக்கு. கூடவே 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் புதிய நாவல் ஒன்று தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 9 வருஷம் தஸ்தாயெவ்ஸ்கி எதை எழுதினாலும் ஸ்டெல்லோவ்ஸ்கி காசு கொடுக்காமல் அச்சிட்டுக்கொள்ளலாம். இதில் இன்னொரு கூத்து: இவருடைய புரோநோட்டுகளை ஸ்டெல்லோவ்ஸ்கி முன்னமே ஆள் வைத்து மலிவாக வாங்கிக் குவித்திருந்தார், கொடுத்த பணத்தில் பெரும்பகுதி சுற்றி வந்து அவர் பைக்கே போய்விட்டது என்று அன்னா தன் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார்.

ஆகவே இந்தத் தனிமை மலைக்குகைத் தனிமை அல்ல. எழுத்தாளன் என்ற தனிமனிதனைத் தயாரித்ததே அந்தப் பத்திரம்தான். கையெழுத்துப் போட்டவன் ஒருவன். மாட்டிக்கொண்டவனும் அவன் ஒருவனே. தமிழில் 'கெடு' என்கிறோம். குறித்த தவணைக்கும் அதுதான் சொல், அழிந்துபோவதற்கும் அதுதான் வேர். இரண்டும் ஒரே சொல்தானா, வேறுவேறா என்று அகராதிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஸ்டெல்லோவ்ஸ்கியின் பத்திரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அந்த 1866ஆம் வருஷம் முழுக்க 'குற்றமும் தண்டனையும்' மாஸ்கோவின் 'ருஷ்யத் தூதன்' பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. கோடையில், காலையில் ஒரு நாவல், மாலையில் ஒரு நாவல் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடப் போவதாக ஒரு கடிதத்தில் திட்டம் போடுகிறார். திட்டம் திட்டமாகவே இருந்தது. அக்டோபர் பிறந்தபோது ஸ்டெல்லோவ்ஸ்கிக்கான நாவலில் ஒரு பக்கமும் எழுதப்படவில்லை. பார்க்க வந்த மிலியுகோவ் என்ற நண்பர் ஒரு யோசனை சொல்கிறார்: கதைச்சுருக்கத்தைக் கொடு, நண்பர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதிச் சேர்த்துவிடுகிறோம், உன் பேரைப் போட்டுக் கொடுத்துவிடு. தஸ்தாயெவ்ஸ்கி மறுத்துவிடுகிறார். இன்னொருவர் எழுதியதற்குத் தன் பெயரைப் போட மாட்டேன் என்கிறார்.

இந்த மறுப்பைத்தான் நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஒன்பது வருஷ அடிமைத்தனம் நான்கு வாரத் தூரத்தில் நிற்கும்போது ஒருவன் இப்படிச் சொல்வது சாதாரணமல்ல. ஆனால் மிலியுகோவின் அடுத்த யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த யோசனை, சுருக்கெழுத்தாளர் ஒருவரை வைத்துக்கொள்வது. பீட்டர்ஸ்பர்கில் சுருக்கெழுத்து வகுப்பு நடத்திவந்த ஓல்ஹின் தன் சிறந்த மாணவியை அனுப்புகிறார். பெயர் அன்னா கிரிகோரியெவ்னா ஸ்னீட்கினா. வயது 20. பேசிய கூலி 50 ரூபிள். ருஷ்யப் பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 4ஆம் தேதி வேலை தொடங்குகிறது.

நண்பர்களின் கை மோசடி, அந்தப் பெண்ணின் கை மோசடி இல்லை. ஏன்? பதில் சுலபம்போலத் தோன்றும்: நண்பர்கள் வாக்கியம் எழுதித் தருவார்கள், இவள் சொன்னதை எடுத்துக்கொள்கிறாள். படைப்பு ஒரு பக்கம், கூலிவேலை ஒரு பக்கம். நாம் அத்தனைபேரும் இந்தக் கோட்டை நம்புகிறோம், நானும்தான். ஆனால் அந்த 26 நாட்களின் தினசரி நடைமுறையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கோடு அவ்வளவு நேராக இல்லை.

இரவில் அவர் தனியாக உட்கார்ந்து குறிப்புகள் எழுதுவார். பகலில் அன்னா வந்ததும் அதை வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தபடி சொல்லுவார். நடுவில் நிறுத்தி, 1849இல் தூக்குமேடைபோன்ற ஒரு கொலைக்களத்தில் சுடப்படக் காத்து நின்றதைப் பற்றி, கடன்களைப் பற்றிப் பேசுவார். தனக்குக் காக்காய்வலிப்பு உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். மாலையில் அவள் வீட்டுக்குப் போய், இரவெல்லாம் சுருக்கெழுத்தை முழு எழுத்தாகப் பெயர்த்து மறுநாள் கொண்டுவருவாள். இப்போது அந்த நகரத்தின் வரைபடத்தில் ஓர் இரவைக் குறித்துப் பாருங்கள். ஒரே நாவலுக்காக இரண்டு வீடுகளில் இரண்டு விளக்குகள் எரிகின்றன. ஒன்றில் நாளை சொல்லப்போவது எழுதப்படுகிறது. மற்றதில் இன்று சொன்னது எழுதப்படுகிறது. எந்த விளக்கின் கீழ் இருப்பதைப் 'படைப்பாளியின் தனிமை' என்பது? நமக்கு ஒரு விளக்கு மட்டுமே கண்ணில் படுகிறது. மற்றது தெரிவதும் அன்னா பிற்காலத்தில் நினைவுக்குறிப்புகள் எழுதியதால்தான். அவர் 1918இல் இறந்து, அவை 1925இல் அச்சேறின. தஸ்தாயெவ்ஸ்கியின் தனிமை என்று நாம் ஆராதிக்கும் அந்தச் சித்திரத்தையே அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தான் நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

அடுத்தது நம்பிக்கை. தஸ்தாயெவ்ஸ்கியின் விசுவாசம் என்றதும் 1854இல் ஃபொன்விசினா அம்மையாருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். உண்மை கிறிஸ்துவுக்கு வெளியில்தான் இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டினாலும் தான் கிறிஸ்துவோடு நிற்பதையே விரும்புவதாக அதில் சொல்கிறார். கணக்குக்கு அடங்காத நம்பிக்கை இது. அதற்குத் தேதி கிடையாது. 1866 அக்டோபரில் நாம் காண்பது வேறு ரகம். நேற்று எத்தனை பக்கம் ஆயிற்று, மொத்தம் எத்தனை, முடித்துவிடுவோமா என்று அவர் அன்னாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கையெழுத்துப் பிரதி கனக்கக் கனக்க மனிதருக்குத் தெம்பு வருகிறது. பெயர்த்தெழுதிய பக்கங்களை எண்ணி எண்ணி உண்டாக்கிக்கொண்ட நம்பிக்கை இது. நம் மளிகைக்கடை நோட்டில் 'பற்று' என்பது கடனாக எடுத்ததைக் குறிக்கும். பக்தி இலக்கியத்தில் அதே சொல் வேறொன்று. இரண்டு பற்றுக்கும் நடுவில்தான் அந்த மாதம் முழுக்க அவர் நடமாடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, பிரதிக்கு வருவோம். (எனக்கு ருஷ்ய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பில் தங்கி நிற்பதை மட்டுமே பேச முடியும்.) 'சூதாடி'யில் ஜெர்மானியச் சூதாட்ட ஊர் ஒன்றில் ஒரு ருஷ்ய ஜெனரல் கடனில் மூழ்கிக் கிடக்கிறார். சொத்தெல்லாம் ஒரு பிரெஞ்சுக்காரனிடம் அடமானம். ஊரில் கிழவி செத்தாள் என்ற தந்திக்காக எல்லோரும் காத்திருக்க, அந்தக் கிழவியே உயிரோடு வந்து இறங்கி, ரூலெட் மேசையில் உட்கார்ந்து பணத்தைத் தொலைக்கிறாள். இதையெல்லாம் குறிப்புகளாக எழுதிவைப்பவன் அலெக்ஸி இவானோவிச் என்ற வீட்டு வாத்தியார். கதையின் முடிவில், அவன் தேடிய போலினா அவனை நேசித்தாள் என்று தெரிந்தபின்பும், அவன் மேசையை விட்டு எழுவதில்லை. நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறான். அந்த 'நாளை'யோடு நாவல் நின்றுவிடுகிறது.

கெடு வைத்து எழுதப்பட்ட இந்த நாவல், கெடுவே இல்லாத ஒருவனைப் பற்றியது. நான் சொல்ல வந்தது இதுதான். சூதாடிக்கு நம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தஸ்தாயெவ்ஸ்கியின் பாத்திரங்களிலேயே அவனளவு விசுவாசி அபூர்வம். அவனுக்கு இல்லாதது தேதி. அடுத்த சுற்று எப்போதும் உண்டு என்பதால் எந்தச் சுற்றும் கடைசிச் சுற்று ஆவதில்லை. அவனிடம் போய் 'எத்தனை பக்கம் ஆயிற்று' என்று கேட்க முடியாது. அவன் தனிமையும் முழுமையானது. பக்கத்தில் எத்தனைபேர் நின்றாலும் அவன் சக்கரத்தோடு தனியாக இருக்கிறான். கலைஞனின் தனிமை, கலைஞனின் நம்பிக்கை என்று நாம் எவற்றைப் போற்றுகிறோமோ, அந்த இரண்டும் கலப்படமில்லாமல் வாய்த்திருப்பது சூதாடிக்குத்தான்! அவற்றின் விளைவு என்ன என்பதை நாவல் காட்டிவிடுகிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தவரின் அறையில் தேதி இருந்தது, எண்ணப்பட்ட தாள் இருந்தது, இன்னொரு ஆள் இருந்தாள். இந்த மூன்றும் இல்லாவிட்டால் தஸ்தாயெவ்ஸ்கி என்கிற மனிதர் அலெக்ஸி இவானோவிச் ஆகியிருப்பார் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி. கல்யாணத்துக்குப் பிறகும், 1871 வரை, ஐரோப்பாவில் சூதாட்ட மேசைகளில் பணத்தைத் தொலைத்து அன்னாவுக்குக் கடிதம் எழுதியவர்தானே. நாவலை எழுதி நோயைத் தீர்த்துக்கொண்டார் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

இந்த நாட்களை 1981இல் சோவியத் இயக்குநர் சார்ஹி திரைப்படமாக எடுத்தார். மலையாளத்தில் பெரும்படவம் ஸ்ரீதரன் 1993இல் 'ஒரு சங்கீர்த்தனம் போலே' என்ற நாவலாக எழுதினார். மலையாளத்தின் மிகப் பிரபலமான நாவல்களில் அதுவும் ஒன்று. நெகிழ்ந்து படித்தவர்களில் நானும் உண்டு. ஆனால் அந்த நெகிழ்ச்சியில் சுருக்கெழுத்தாளர் காதலி ஆகிவிடுகிறாள், உழைப்பு அன்பாகக் கரைந்துவிடுகிறது. மறுபக்கம், 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று தொண்ணூறுகளிலிருந்து சொல்லிவந்த கோட்பாட்டுக்காரர்கள் நாம் செய்ததும் பெரிய வித்தியாசமில்லை. ஆசிரியனை அனுப்பிவிட்டுப் பிரதியை வைத்துக்கொண்டோம். பிரதியைப் பெயர்த்தெழுதிய கை நம் பார்வையிலும் விழவில்லை. ஒரு தரப்பு அவளைப் பூஜை அறைக்கு அனுப்பியது. நம் தரப்பு அவளைப் பற்றி யோசிக்கவேயில்லை.

கதையின் முடிவு ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நடக்கிறது. அக்டோபர் 29இல் சொல்லி முடித்தாகிவிட்டது. நவம்பர் 1ஆம் தேதி பிரதியைக் கொண்டுபோனால் ஸ்டெல்லோவ்ஸ்கி ஊரில் இல்லை, அவருடைய அலுவலக ஆள் வாங்க மறுக்கிறான். இப்படி ஆகலாம் என்று அன்னாவின் தரப்பில் முன்கூட்டியே வக்கீலிடம் விசாரித்து வைத்திருந்தார்கள். அதன்படி இரவு 10 மணிக்குப் போலீஸ் அதிகாரியிடம் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கப்படுகிறது. கெடு முடிய இரண்டே மணி நேரம். அந்த ரசீதுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உலகஞானம் இருக்கிறது. 1867 பிப்ரவரியில் திருமணம். 1873இல் 'பேய்கள்' நாவலைக் கணவனும் மனைவியும் தாங்களே புத்தகமாகப் போட்டார்கள். வியாபாரத்தைக் கவனித்தவர் அன்னா. ஸ்டெல்லோவ்ஸ்கிகளுக்குச் சரியான பதில் அதுதான். 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலின் சமர்ப்பணப் பக்கத்தில் அன்னாவின் பெயர் அச்சானது. 'சூதாடி'யில் அப்படி எதுவும் இல்லை.

நண்பரின் நாவல் கண்காட்சிக்கு வந்துவிட்டது. நல்ல நாவல்தான், விரிவாக எழுத வேண்டும். முன்னுரையில் தனிமைக்கும் நம்பிக்கைக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். பதிப்பாளருக்கும் அட்டை ஓவியருக்கும் சொல்லியிருக்கிறார். படியேறி வந்து தாள்களை எடுத்துப்போனவரின் பெயரை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். இல்லை. இரண்டாம் பதிப்பு வரட்டும், அதற்குள் அவரிடம் கேட்டுவிடுவேன்.