பாட்டு முதலில், மேடை பிறகு

2013 ஜூனில் ‘அனிமல்ஸ்’ என்ற மின்னணு நடனப் பாட்டை வெளியிட்ட நெதர்லாந்தின் ஸ்பின்னின் நிறுவனம், அதற்கு முன் அதை ஆக்கியவரின் பெயரைச் சொல்லாமல் வைத்திருந்தது. ரசிகர்கள் பெரிய டிஜேக்களின் பெயர்களையெல்லாம் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஆக்கியவரோ ஆம்ஸ்டெல்வேன் ஊரின் பதினேழு வயதுப் பையன், மார்ட்டின் கேரிக்ஸ். அந்த நவம்பரில் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த மார்ச்சில் மியாமி அல்ட்ரா விழாவின் பிரதான மேடை ஏறியபோதும் அவருக்குப் பதினெட்டு நிறையவில்லை. 2016இல் டிஜே மேக் பத்திரிகையின் நூறு பேர் பட்டியலில் முதலிடம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரேதான்.

மேதைமை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் துறையின் வரிசையே தலைகீழாகியிருப்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. முந்தைய தலைமுறையின் டியஸ்டோ, பிரெடா நகரின் சிறிய கிளப் ஒன்றில் வருடக்கணக்கில் இரவிரவாக இசைத்தட்டு சுழற்றியவர். கூட்டம் எப்போது சோர்கிறது, எதற்குத் துள்ளி எழுகிறது என்பதை எதிரே நின்று படித்தார். புகழும் பெருமேடையும் அதன் பிறகு வந்தவை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் இசைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் எட்டு வயது கேரிக்ஸுக்கு இந்த ஆசை பிறந்தது. அந்தப் பையனுக்குக் கிளப்புக்குள் நுழையும் வயது வருமுன்பே சொந்தப் பாட்டு கையில் இருந்தது.

இதைச் சாத்தியமாக்கியது கருவி. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இந்த இசையை உருவாக்கிய முன்னோடிகள் ரோலண்ட் 808, 909 போன்ற டிரம் மெஷின்களைத் தனித்தனியாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் ‘ஃப்ரூட்டிலூப்ஸ்’ என்று தொடங்கி இன்று எஃப்எல் ஸ்டுடியோ எனப்படும் மென்பொருள் அத்தனையையும் ஒரு திரைக்குள் கொண்டுவந்தது. கேரிக்ஸும் ஸ்வீடனின் அவீச்சியும் அதில்தான் வேலை செய்தார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொத்தானை அழுத்தினால் பாட்டு வந்துவிடும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். நிமிடத்துக்கு 128 அடி என்பது இந்த வகை இசையில் மிகவும் புழங்கும் வேகம். நான்கு அடிக்கு ஒரு பார் என்றால் எட்டு பார் பதினைந்து வினாடி, முப்பத்திரண்டு பார் சரியாக ஒரு நிமிடம். பெரும்பாலும் எட்டு எட்டாகவே பாட்டு நிறம் மாறும். டிஜே அடுத்த பாட்டை உள்ளே இழுப்பதும் அந்தக் கணக்கில்தான். கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகள் ஒரு கணம் அமுங்கி எழும்படி செய்வார்கள். அதற்கு சைட்செயின் என்று பெயர். அந்த அமுக்கத்தின் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆட்டம் வராது. பில்டப்பில் இறுக்கத்தை ஏற்றி, ட்ராப்பில் அவிழ்ப்பது வழக்கம். அன்றைய விழாப் பாட்டுகள் பலவற்றில் ட்ராப் என்றால் சின்தசைசர் ஒலிகள் அடர்ந்து பொங்கும். ‘அனிமல்ஸ்’ அந்த இடத்தில் எல்லாவற்றையும் விலக்கிவிடுகிறது. கீழே கிக், மேலே கட்டையில் தட்டியதுபோன்ற வறண்ட குறுஞ்சுரங்கள் சில, நடுவில் ஒன்றுமில்லை. பதினேழு வயதில் ஒலியைக் குறைக்கும் துணிச்சல் வந்ததே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாட்டு வயதை முந்திக்கொண்டு வந்தால் ஒப்பந்தமும் முந்திக்கொண்டு வரும். மேஜராகாத வயதில் ஒப்புக்கொண்டவற்றை எதிர்த்து 2015இல் கேரிக்ஸ் ஸ்பின்னினை விட்டு விலகினார், வழக்கு நடந்தது, 2017இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே ஸ்டாம்ப்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். ஒலிப்பதிவுக்கூடத்துக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நிறுவனம் பணம் போட்ட காலத்தில் பதிவின் உரிமையை அது கேட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. பையன் தன் அறையிலேயே பாட்டை முடித்துக் கொடுக்கிறான் என்றால் அந்த நியாயத்தில் பெரும்பகுதி கழன்றுவிடுகிறது.

அவீச்சியின் கதையைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2011இல் ‘லெவல்ஸ்’ உலகெங்கும் ஒலித்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. 2013 அல்ட்ராவில் நாட்டுப்புற வாத்தியக்காரர்களை மேடையேற்றியபோது கூட்டம் முகம் சுளித்தது. சில மாதங்களில் அதே இசையின் ‘வேக் மீ அப்’ நாடு நாடாக முதலிடம் பிடித்தது. காது அவருக்குப் பொய் சொல்லவில்லை. உடம்புதான் தாங்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், கணைய அழற்சி, அறுவை சிகிச்சை. 2016இல் பயணங்களை நிறுத்தினார். 2018 ஏப்ரலில், இருபத்தெட்டு வயதில், மஸ்கட்டில் இறந்தார். சிறு கிளப்பில் கழியும் வருடங்கள் ஒருவரின் காதை மட்டுமல்ல, உறக்கத்தையும் உடலையும் இந்தத் தொழிலுக்குப் பழக்கின. அந்தப் பழக்கம் இல்லாமல் வருகிறவரின் நாள்காட்டியை நிரப்புகிறவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

அமெரிக்காவின் போர்ட்டர் ராபின்சன் வேறு வழி கண்டார். 2010இல், பதினெட்டு வயதில், ‘சே மை நேம்’ மூலம் தெரிய வந்தவர். அந்த வகைப் பாட்டையே அடுக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாறாக, 2014இல் நடனத்தைவிடக் கனவுக்கு நெருக்கமான ‘வேர்ல்ட்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கடுத்த தனி ஆல்பமான ‘நர்ச்சர்’ 2021இல்தான் வந்தது. இடையில் எதுவுமே ஆக்க முடியாமல் தவித்ததையும் மனச்சோர்வையும் அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சந்தை ஏழு ஆண்டு காத்திருக்காது என்று துறையில் சொல்வார்கள். காத்திருந்தது. இந்தத் தலைமுறையின் ஆல்பங்களில் நான் முதலில் கேட்கச் சொல்வது ‘நர்ச்சர்’தான்.