சுவருக்கும் தைலம்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் இருக்கும் மகிமை மாதா கோயிலை 1515-ல் போர்த்துக்கீசியர் தொடங்கினார்கள் என்பார்கள். ஆசையாய்ப் போனால் புதுக் கட்டடம். பழசை இடித்துவிட்டார்கள்.

கத்தோலிக்கக் கோயிலில் கல்லும் சுவரும் சும்மா இல்லை. அர்ச்சிப்பின்போது ஆயர் பீடத்திலும் சுவர்களிலும் தைலம் பூசுகிறார். பீடத்தடியில் புனிதர்களின் எலும்பு வைப்பதும் உண்டு. கிட்டத்தட்டக் கட்டடத்துக்கே ஞானஸ்நானம். ஆனால், பெரும்பகுதி இடிந்துவிட்டால் அந்தப் புனிதம் போய்விடும் என்று 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. புதிதாகக் கட்டி மறுபடி தைலம் பூசினால் ஆச்சு.

சட்டம் சரி. தலைமுறை தலைமுறையாக மீனவப் பெண்கள் நெற்றி வைத்து அழுத சுவருக்கு எந்தத் தைலம்? மாதா இருக்கிற இடம்தான் கோயில் என்று ஜனங்கள் சொன்னால், அதையும் மறுக்க முடியவில்லை. அதே ஊர் டச்சுக் கல்லறைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கும்பிட ஆளில்லை, தொல்லியல் துறை பாதுகாக்கிறது.