இரட்டைச் சுருளும் ஓர் ஆராய்ச்சி மாணவரும்

உயிரியலிலோ மருத்துவ அறிவியலிலோ டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவர், அதற்கு முன் எந்த நூலைப் படிக்கலாம் என்று கேட்டால், கல்லூரி ஆசிரியர்களில் பலர் தயங்காமல் கூறும் பெயர் ஒன்று உண்டு. ஜேம்ஸ் வாட்சன் எழுதி 1968இல் வெளிவந்த ‘தி டபிள் ஹெலிக்ஸ்’, அதாவது ‘இரட்டைச் சுருள்’, என்னும் நூலே அது. நானும் அவ்வாறு கூறி வந்தவன்தான்.

எங்கள் இயற்பியல் துறையில் எம்.எஸ்ஸி. முடித்த மாணவி ஒருவர், உயிர் இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்து, விடைபெற்றுச் செல்ல வந்தார். என்னிடமிருந்த பிரதியை அவரிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து நூலைத் திருப்பித் தந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: “சார், இந்த நூலில் எல்லாரும் அந்த எக்ஸ் கதிர்ப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதை எடுக்க எத்தனை நாள் ஆயிற்று? எப்படி எடுத்தார்கள்? அது இதில் இல்லையே?”

மூன்று முறை அந்நூலைப் படித்திருந்த எனக்கு அக்கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அன்று அவருக்குச் சரியான விடை சொல்லவும் இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தேன். அதன் பிறகு இந்நூலைப் பற்றிய என் கருத்து மாறிவிட்டது. அதை உங்களிடம் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் நூல் கூறும் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கரான வாட்சன், பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்து 1950இல், தம் 22ஆம் வயதில், டாக்டர் பட்டம் பெற்றவர். 1951இல் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்கு வருகிறார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் பிரான்சிஸ் கிரிக். இவர் இயற்பியல் பட்டதாரி. உலகப் போரினால் ஆராய்ச்சி தடைப்பட்டமையால், 35 வயதிலும் டாக்டர் பட்டம் பெறாத ஆராய்ச்சி மாணவராகவே இருந்தார். மரபுப் பண்புகளைத் தாங்கிச் செல்லும் டி.என்.ஏ. மூலக்கூறு, ஒன்றையொன்று தழுவிய இரு இழைகளாலான சுருள் என்பதை இவ்விருவரும் 1953இல் வெளியிட்டனர்.

இந்நூலின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. பாடநூல்களில் அறிவியல் தவறே செய்வதில்லை. வாட்சனோ தம் அறியாமையையும் பிழைகளையும் வெளிப்படையாக எழுதுகிறார். 1951 நவம்பரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் அறிஞர் தம் ஆய்வு முடிவுகளை எடுத்துரைத்தார். கேட்கச் சென்ற வாட்சன் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. மூலக்கூறில் உள்ள நீரின் அளவைத் தவறாக நினைவில் வைத்துக்கொண்டு திரும்பினார். அதை நம்பி இருவரும் கட்டிய மூன்றிழை மாதிரி, பிராங்க்ளின் வந்து பார்த்த அன்றே தகர்ந்தது. ஆய்வுக்கூடத் தலைவரான லாரன்ஸ் பிராக், இனி டி.என்.ஏ.யின் பக்கம் போகவேண்டாம் என்று இருவரையும் தடுத்துவிட்டார். குறிப்பேட்டின் அருமையை மாணவருக்கு உணர்த்த இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

குறை எங்கே இருக்கிறது? மாணவி சுட்டிய அதே இடத்தில்தான். 1953 ஜனவரியில் வாட்சன் மீண்டும் கிங்ஸ் கல்லூரிக்குச் செல்கிறார். அங்குப் பணியாற்றிய மாரிஸ் வில்கின்ஸ், ஓர் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்துக் காட்டுகிறார். பார்த்த மாத்திரத்தில் வாட்சனின் நாடி வேகமாகத் துடிக்கிறது. நூலின் உச்சக் கட்டம் இது. படிப்பவருக்கோ, அப்படம் யாரோ அறையில் வைத்து மறந்துபோன பொருள் போலத் தோன்றும்.

அப்படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய, முதலில் அதில் என்ன இருந்தது என்று காண்போம். நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பந்துமுனைப் பேனாவிலுள்ள சிறிய சுருள்வில்லை எடுத்து, லேசர் விளக்கின் ஒளிக்கற்றையில் பிடியுங்கள். சில மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பெருக்கல் குறி போன்ற ஒளிக்கோலம் விழும். (லேசர் ஒளியை நேராகக் கண்ணால் பார்த்தல் கூடாது.) சுருளைப் பக்கவாட்டில் நோக்கினால், வலப்புறம் சாய்ந்த கோடுகள் ஒரு தொகுதி, இடப்புறம் சாய்ந்த கோடுகள் மற்றொரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் ஒளியைத் தனக்குச் செங்குத்தான திசையில் விளிம்பு விளைவால் பரப்புகிறது. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறியாகின்றன.

டி.என்.ஏ. இழையில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தியபோதும் இதே குறி தோன்றியது. அதிலுள்ள புள்ளிகளின் இடைவெளியிலிருந்து, சுருளின் ஒரு சுற்று 34 ஆங்ஸ்ட்ராம் நீளம் என்றும், சுற்றினுள் 3.4 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்றாகப் படிகள் அமைந்துள்ளன என்றும் கணக்கிடலாம். அதாவது ஒரு சுற்றுக்குப் பத்துப் படிகள். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

‘51ஆம் எண் படம்’ என்று இன்று புகழ்பெற்றுள்ள அப்படம் 1952 மே மாதத்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் ரேமண்ட் காஸ்லிங் என்னும் ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வழிகாட்டி பிராங்க்ளின். வாட்சனின் நூலில் காஸ்லிங்கின் பெயர் வந்து போகிறது; அவர் கை செய்த வேலை வருவதில்லை.

காஸ்லிங் 1926இல் பிறந்தவர். இயற்பியல் பட்டம் பெற்று, மருத்துவமனையில் இயற்பியலாளராகச் சில காலம் பணியாற்றியபின், கிங்ஸ் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். துறைத் தலைவர் ஜான் ராண்டல் அவருக்கு முதலில் கொடுத்த பொருள் ஆட்டுக்கடாவின் விந்தணுக்கள். அவற்றில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்பது பணி. 1950இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ருடால்ப் சிக்னர், தாம் மிகத் தூய்மையாகப் பிரித்தெடுத்த டி.என்.ஏ.யை லண்டன் கூட்டம் ஒன்றிற்குக் கொண்டுவந்து, விரும்பியவர்களுக்கு வழங்கினார். அதைப் பெற்ற வில்கின்ஸுடன் சேர்ந்து காஸ்லிங் பாடுபட்டார். பாகு போன்ற அப்பொருளிலிருந்து மெல்லிய இழைகளை இழுத்து, ஈரம் குறையாமல் காத்து, படிகத்திற்குரிய தெளிவான புள்ளிகளைக் கொண்ட படத்தை அவ்வாண்டே பெற்றார். 51ஆம் எண் படத்திற்கு ஒரே ஓர் இழையை அறுபது மணி நேரத்திற்கு மேல் எக்ஸ் கதிர்களில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இழை உலர்ந்தால் ஒரு வடிவம், ஈரமானால் மற்றொரு வடிவம். இவ்விரண்டையும் பிரித்தறிந்து, ஈரத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தியது பிராங்க்ளினின் திறமை.

இனி, ஆராய்ச்சி மாணவராக விரும்பும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். பிராங்க்ளின் 1951 ஜனவரியில் பணியேற்பதற்கு முன்பே ராண்டல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எக்ஸ் கதிர்ப் பணியில் அவரும் காஸ்லிங்கும் மட்டுமே இருப்பார்கள் என்பது அதன் கருத்து. வில்கின்ஸுக்கு இக்கடிதம் தெரியாது. டி.என்.ஏ. தம் துறை என்று அவர் எண்ணியிருந்தார். தமக்கே உரியது என்று பிராங்க்ளின் எண்ணினார். இரு மூத்தவர்களும் சரிவரப் பேசிக்கொள்ளாத அறையில், இருவருக்கும் நடுவே நின்றவர் மாணவர். வில்கின்ஸிடமிருந்து பிராங்க்ளினுக்கு மாற்றப்பட்ட அவர், 1953 தொடக்கத்தில் பிராங்க்ளின் வேறு கல்லூரிக்குச் செல்ல முடிவு செய்ததும், மீண்டும் வில்கின்ஸின் பொறுப்பிற்கு வந்தார். அவ்வாறு வந்தபோதுதான் 51ஆம் எண் படமும் வில்கின்ஸின் கைக்கு வந்தது. ஆகவே, படம் திருடப்பட்டது என்று சிலர் கூறுவது பொருந்தாது. ஆயினும், அது வாட்சனுக்குக் காட்டப்பட்டதைப் பிராங்க்ளினிடம் யாரும் தெரிவிக்கவில்லை.

படம் ஒன்று மட்டும் அன்று. பிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய ஆய்வறிக்கை ஒன்றும், மாக்ஸ் பெரூட்ஸ் என்ற அறிஞர் வழியாகக் கிரிக்கின் பார்வைக்கு வந்தது. இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன என்று கிரிக் கண்டுகொள்ள அதுவே துணை செய்தது.

கிரிக்கும் வாட்சனும் பிறர் உழைப்பில் குளிர்காய்ந்தவர்கள் என்று நான் கூற வரவில்லை. சிதறிக் கிடந்த செய்திகளை ஒன்றுசேர்த்து, இணைகள் பொருந்தும் முறையைக் கண்டது பேரறிவின் செயல். என் குறை நூலின்மீதுதான். டென்னிசும் விருந்தும் அரட்டையும் போக எஞ்சிய நேரத்தில், போட்டியில் முந்துவதே ஆராய்ச்சி என்ற எண்ணத்தை அது இளைஞர் மனத்தில் விதைக்கிறது. ஓர் இழையை நனைத்து மூன்று நாள் காத்திருத்தலும் ஆராய்ச்சிதான் என்பதை அது சொல்வதில்லை.

பிராங்க்ளினை அது நடத்தும் முறையும் வருந்தத்தக்கது. அவர் விரும்பாத ‘ரோசி’ என்ற பெயரால் நூல் முழுவதும் அவரை அழைத்து, உடையையும் தோற்றத்தையும் குறை கூறுகிறது. முடிவுரையில், தம் தொடக்கக் கருத்துகள் பெரும்பாலும் தவறானவை என வாட்சன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பிராங்க்ளின் 1958இலேயே, 37 வயதில், புற்றுநோயால் மறைந்துவிட்டார். மறுமொழி கூற அவர் இல்லை.

அப்படியானால் இந்நூலை மாணவர் படிக்கலாமா? படிக்கத்தான் வேண்டும், ஆனால் தனியாக அன்று. 1953 ஏப்ரல் 25ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் டி.என்.ஏ. பற்றி அடுத்தடுத்து மூன்று கட்டுரைகள் வந்தன. முதலாவது வாட்சனும் கிரிக்கும் எழுதியது. மூன்றாவது பிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதியது. மூன்றையும் சேர்த்து ஒரே மாலையில் படித்துவிடலாம். வாட்சனின் நூலை முடித்த அன்றே அவற்றையும் படியுங்கள். மாணவரின் பெயர் வழிகாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருப்பதைக் காண்பீர்கள்.

ஆராய்ச்சியில் சேருமுன் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். என் வழிகாட்டி யார்? அவர் இடம் மாறினால் என் நிலை என்ன? நான் எடுக்கும் அளவீடுகளை யார் யாருக்குக் காட்டலாம்? கட்டுரையில் என் பெயர் எங்கே வரும்? அந்த ஆய்வுக்கூடத்தில் முன்பே சேர்ந்தவர்களிடமும் விசாரியுங்கள். தலைப்பு எவ்வளவு சிறந்ததாயினும், இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில் நான்கைந்து ஆண்டுகளை ஒப்படைப்பது எளிதன்று. என் மாணவிக்கும் இவற்றையே கடிதமாக எழுதி அனுப்பினேன்.

பிராங்க்ளின் கிங்ஸ் கல்லூரியை விட்டுச் சென்றபின், டி.என்.ஏ. பணியையும் காஸ்லிங்குக்கு வழிகாட்டுவதையும் நிறுத்திக்கொள்ளும்படி ராண்டல் அவருக்கு எழுதினார். ஆனாலும் அவர் தம் மாணவரைக் கைவிடவில்லை. காஸ்லிங் 1954இல் ஆய்வேட்டை நிறைவு செய்தார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது, அவர் வேறு துறைக்குச் சென்றிருந்தார். பின்னர் லண்டன் கைஸ் மருத்துவமனையில், கேளா ஒலியைக் கொண்டு இரத்த ஓட்டத்தை அளக்கும் முறைகளை வகுத்தார். நாடித் துடிப்பின் உச்சத்திலுள்ள இரத்த வேகத்திலிருந்து துடிப்பின் இறுதியிலுள்ள வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுத்தால் வரும் எண், 1970களில் அவர் தந்தது. 2015இல் அவர் மறைந்தார்.

கருவுற்ற தாய்மாருக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கும்போது தரப்படும் அறிக்கையில் ‘பி.ஐ.’ என்ற இரண்டு எழுத்துகளுக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்கேனும் அவ்வறிக்கை வந்தால் பாருங்கள். அந்த எண்ணை நமக்குத் தந்தவர், அறுபது மணி நேரம் ஓர் இழையைக் காத்திருந்த அதே மாணவர்தான்.