பெயரிழந்தோர் பாதை

வீழ்ச்சியுற்ற ஒருவனின் கதையைக் கண்டதும், 'அவன் எங்கே தவறினான்?' என வினவுவது நம் வழக்கம். செர்கேய் லோஸ்னித்சா எழுதி இயக்கி, 2010ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற 'என் மகிழ்ச்சி' என்னும் உருசிய மொழிப் படத்திற்கு அவ்வினா பொருந்தாது.

கியார்கி மாவு மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநன். சாலை அடைபட்டுக் கிடந்தமையால் வேறு வழியில் வண்டியைத் திருப்புகிறான். இரவில் வழி தெரியாது நிற்கையில் கொள்ளையர் அவன் தலையில் அடிக்கின்றனர். அதன்பின் பேச்சிழந்து, தான் யார் என்பதையும் மறந்து, அவ்வூரிலேயே உழல்கிறான்.

இடையிடையே வரும் பழங்கதைகள் படத்தின் ஓட்டத்தைக் கெடுக்கின்றன என்பர் சிலர். அவ்வாறன்று. போர் முடிந்து வீடு திரும்பும் படைத்துறை இளைஞன் ஒருவனின் பொருளை இரயில் நிலைய அதிகாரி பறித்துக்கொள்கிறான். இளைஞன் அவனைச் சுட்டுவிட்டுத் தன் பெயரையும் காதலியையும் துறந்து மறைந்து வாழ்கிறான். மற்றொரு கதையில், இரு போர்வீரர்க்கு உணவும் இடமும் தந்த ஆசிரியர் ஒருவர் அவர்களாலேயே கொல்லப்படுகிறார். அவருடைய சிறு மகன் தனித்து விடப்படுகிறான். பிற்காலத்தில் கியார்கி முடங்கிக் கிடப்பதும் அதே வீட்டில்தான். எனவே தவறு அவனிடம் தொடங்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்னரே அவ்வழியில் ஊன்றிவிட்டது. சீருடை அணிந்தோரே பறிப்பதால், பறிகொடுத்தோர் முறையிட ஓரிடமும் இல்லை. இதனை விளக்கவே அக்கதைகள் வருகின்றன.

நன்மையே இல்லாத படம் என்பதும் முழு உண்மையன்று. உடலை விற்றுப் பிழைக்கும் சிறுமி ஒருத்திக்குக் கைம்மாறு கருதாது பணம் தருகிறான் கியார்கி. அவளோ அதனை இழிவெனக் கொண்டு சினந்து வீசுகிறாள். யாவும் விலைக்கு என்றான இடத்தில் கொடையும் அவமதிப்பாகத் தோன்றும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. நன்மை இருக்கிறது, அதனை நம்புவாரில்லை. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் இளிவரலும் அச்சமுமே இங்கு மேலோங்க, அழுகைக்கு இடம் குறைந்தமைக்கும் இதுவே காரணம்.

லோஸ்னித்சா கீவ் நகரில் கணிதம் பயின்றவர். பின்னர் மாஸ்கோவில் திரைக்கலை கற்று, பல்லாண்டு ஆவணப்படங்கள் எடுத்தவர். இதுவே அவர் இயக்கிய முதற் கதைப்படம். சந்தையில் திரியும் மக்களின் முகங்களைப் படக்கருவி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லுமிடத்தில் அப்பயிற்சி புலனாகிறது. ஒளிப்பதிவாளர் ருமேனியரான ஒலெக் முத்து.

குறை ஒன்றுண்டு. இறுதியில் காவற்சாவடியில் அடிப்போர், அடிபடுவோர் என்ற வேறுபாடின்றி யாவரையும் சுட்டு வீழ்த்திவிட்டு இருளில் நடக்கிறான் கியார்கி. அந்த இளைஞன் ஏன் சுட்டான் என்பதை நாம் அறிவோம். அவன் இழந்ததைக் கண்டோம். கியார்கியின் உள்ளமோ படத்தின் பிற்பகுதி முழுவதும் நமக்கு மூடியே கிடக்கிறது. ஆகவே இக்கொலைகள் பாத்திரத்தின் செயலாக அமையாமல் இயக்குநரின் தீர்ப்பாக நிற்கின்றன. அவலக்கதை கற்பிப்போர் இவ்விரு துப்பாக்கிச் சூடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், காரணம் காட்டப்பட்ட செயலுக்கும் காட்டப்படாத செயலுக்கும் உள்ள வேற்றுமை மாணவர்க்கு எளிதில் விளங்கும்.