ஐஎஸ்ஓ 9001: குறிப்புக்குள் போன பயம்

ஐஎஸ்ஓ 9001-ஐ ஆடிட்டுக்கு முந்தின நாள் புரட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கேஸ்தான். போன வாரம் 2015 பதிப்பை, ஒரு புத்தகம் மாதிரி, முதல் பக்கத்திலிருந்து படிச்சேன்.

நினைச்சதைவிட நல்ல பிரதி. 1987-ல் பிரிட்டனின் பிஎஸ் 5750-ஐ அடியொற்றி வந்தபோது இருந்த ஆவண மோகம் இதில் நிறையக் குறைந்திருக்கிறது. தர மேனுவல்கூட இப்போது கட்டாயமில்லை. (நம்ம ஆட்கள் விடுவதாக இல்லை, அது வேற கதை.) 10.2-வது பிரிவு, தவறைத் திருத்தினால் போதாது, காரணத்தைத் தேடு, வேறெங்காவது அதே தவறு இருக்கிறதா பார் என்கிறது. சரியான பேச்சு.

என் சண்டை 7.1.4-உடன். வேலைச் சூழல் பற்றிய பிரிவு. அமைதி, மோதலின்மை, மன அழுத்தத்தைக் குறைப்பது எல்லாம் வருது, ஆனால் 'குறிப்பு' என்ற பெயரில். ஐஎஸ்ஓ மொழியில் குறிப்பு என்றால் விளக்கம், நிபந்தனை இல்லை. அதை மட்டும் வைத்து ஆடிட்டர் குறை எழுத முடியாது.

டெமிங், 'அவுட் ஆஃப் தி கிரைசிஸ்' நூலில், பயத்தை விரட்டுவதைத் தன் 14 அம்சங்களில் 8-வதாகவே வைத்தார். பழைய கம்பெனியில் ஒரு பக்குக்கு மூல காரணம், மேலாளர் ரிலீஸ் தேதியை முன்னாடி இழுத்தது. டீமில் எல்லாருக்கும் தெரியும். 10.2-க்கான படிவத்தில் நான் எழுதியது: "டெவலப்பர் கவனக்குறைவு. பயிற்சி அளிக்கப்பட்டது." அந்தப் பையன் எனக்கு ஜூனியர்.

அந்த ஆடிட்டில் எங்களுக்கு ஒரு குறைகூட வரவில்லை.